விசாரணை அதிகாரி மேல் ஐயமா? அன்றைக்கே எழுதிக் கொடுங்கள்

துறை விசாரணையில் மாட்டிக்கொண்டு, கோப்போடு என்னிடம் வருகிற அரசு ஊழியர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "விசாரணை அதிகாரி பாரபட்சமானவர் என்று எந்தத் தேதியில் எழுதிக் கொடுத்தீர்கள்?"

சில மாதங்களுக்கு முன் வந்தவர், ஒரு துணிப்பை நிறையக் காகிதம் கொண்டுவந்தார். குற்றப்பத்திரிகை, பதினொரு அமர்வுகளின் நடவடிக்கைத் தாள்கள், விசாரணை அறிக்கை, தண்டனை ஆணை, மேல்முறையீட்டைத் தள்ளிய ஆணை என்று எல்லாம் தேதிவாரியாக அடுக்கப்பட்டிருந்தன. விசாரணை நடத்திய அதிகாரியின் மேல் அவர் எட்டு ஆண்டுகளுக்கு முன்பே மேலிடத்துக்குப் புகார் அனுப்பியவர். அந்தப் புகாரின் நகலும் பையில் இருந்தது. ஆனால் "இவர் என்னை விசாரிக்கக் கூடாது" என்று எழுதிய காகிதம் மட்டும் இல்லை. "அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும் சார்" என்றார். வழக்கு கடைசியில் போய் நிற்கும் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம் அலுவலகத்துக்கு வந்து யாரையும் கேட்கப் போவதில்லை. கோப்பைத்தான் படிக்கும்.

நான் மத்திய அரசின் ஒரு துறையில் எழுத்தராகச் சேர்ந்து, 33 ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவன். வழக்கறிஞர் அல்ல. துறை விசாரணைகளில் ஊழியருக்குப் பக்கத்தில் உட்காரும் தற்காப்பு உதவியாளராக நிறைய நாட்களைக் கழித்திருக்கிறேன். இந்த வேலைக்கு நான் வந்ததே என் சொந்த வழக்கில் செய்த ஒரு தவறால்தான். அதையும் கீழே சொல்கிறேன். இங்கே எழுதுவது மத்திய அரசு ஊழியர்களின் 1965ஆம் ஆண்டு ஒழுங்கு நடவடிக்கை விதிகளை வைத்து. மாநில அரசு ஊழியர்களுக்கான வேறுபாட்டைக் கடைசியில் தொடுகிறேன்.

மேலே போகப் போகக் கதவு சிறிதாகும்

நம் ஊழியர்களில் பெரும்பாலோர் மனத்தில் ஒரு படிக்கட்டு இருக்கிறது. கீழே விசாரணை, அதற்கு மேல் மேல்முறையீடு, அதற்கு மேல் தீர்ப்பாயம், அதற்கும் மேல் உயர் நீதிமன்றம். ஒவ்வொரு படியிலும் வழக்கை முதலிலிருந்து சொல்லலாம், மேலே இருப்பவர் பெரியவர், ஆகவே நன்றாகக் கேட்பார் என்று நம்புகிறார்கள். நடைமுறை இதற்கு நேர் எதிரானது. சாட்சி சொல்வது உண்மையா பொய்யா என்று முகத்தைப் பார்த்து எடைபோடும் அதிகாரம் கீழ்ப்படியில்தான் முழுதாக இருக்கிறது.

1963இலேயே, ஆந்திராவின் காவல் உதவி ஆய்வாளர் ஸ்ரீராம ராவ் வழக்கில், துறை விசாரணையின் முடிவுக்கு உயர் நீதிமன்றம் ஒரு மேல்முறையீட்டு மன்றம் அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1995இல் வருமான வரி அதிகாரி பி.சி. சதுர்வேதியின் வழக்கில் இன்னும் தெளிவாகச் சொன்னது: நீதிமுறை மறு ஆய்வு என்பது முடிவு சரியா என்று பார்ப்பது அல்ல, முடிவுக்கு வந்த வழி சரியா என்று பார்ப்பது. அந்த வழக்கில் தீர்ப்பாயம் இரக்கப்பட்டுப் பதவி நீக்கத்தைக் கட்டாய ஓய்வாகக் குறைத்திருந்தது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தண்டனை நீதிமன்றத்தின் மனச்சாட்சியை உலுக்கும் அளவுக்கு இருந்தால் ஒழிய அதில் கைவைக்கக் கூடாது என்றது. குணசேகரன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சாட்சியங்களைத் திரும்ப எடைபோட்டதை, உச்ச நீதிமன்றம் 2014இல் தவறு என்று சொல்லி, செய்யக் கூடியவை இவை, கூடாதவை இவை என்று பட்டியலே போட்டுக் கொடுத்தது. இன்று அரசுத் தரப்பு தாக்கல் செய்யும் எதிர்மனுக்களில் அந்தத் தீர்ப்பைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம்.

அப்படியானால் தீர்ப்பாயம் எதைத்தான் பார்க்கும்? நடவடிக்கை எடுத்தவருக்கு அதிகாரம் இருந்ததா, விதிகள் பின்பற்றப்பட்டனவா, இயற்கை நீதி (நடுநிலையானவர், இரு தரப்பையும் கேட்டு முடிவெடுப்பது) காக்கப்பட்டதா, முடிவுக்கு ஆதாரமாக எதுவுமே இல்லையா, புத்தியுள்ள எவரும் வர முடியாத முடிவா, தண்டனை அதிர்ச்சியூட்டும் அளவுக்கு அதிகமா. இவ்வளவுதான். சாட்சியம் கொஞ்சமாவது இருந்தால், அது போதுமா போதாதா என்ற கேள்விக்குள் போகாது.

இந்தச் சிறிய கதவு வழியாகவும் தாராளமாக நுழையக் கூடிய ஒரு வாதம் உண்டென்றால் அது பாரபட்சம்தான். ஏனென்றால் அது சாட்சியத்தைப் பற்றியதல்ல, விசாரித்த ஆளைப் பற்றியது. ஆனால் அந்த வாதத்துக்கான காகிதம் கீழ்ப்படியில், அதுவும் தொடக்கத்திலேயே, உண்டாகியிருக்க வேண்டும்.

நான் செய்த தவறு

1990களின் நடுவில் எனக்கு, பெரிய தண்டனைகளுக்கான விசாரணையைச் சொல்லும் விதி 14இன் கீழ் குற்றப்பத்திரிகை வந்தது. பதிவேட்டில் ஒரு பதிவைத் திருத்தியதாகக் குற்றச்சாட்டு. குற்றப்பத்திரிகையோடு நான்கு இணைப்புகள் வரும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்: குற்றச்சாட்டுகள், விவரம், ஆவணப் பட்டியல், சாட்சிப் பட்டியல். நான் முதல் இரண்டு இணைப்புகளை மனப்பாடமாகும் வரை படித்தேன். மூன்றாம் இணைப்பை ஒரு முறை கண்ணால் ஓட்டிவிட்டு மூடிவிட்டேன். அதில் நான்காவது ஆவணமாக ஓர் 'உண்மை அறியும் அறிக்கை' இருந்தது. அதில் கையெழுத்திட்டவர்தான் பிறகு என் விசாரணை அதிகாரியாக வந்தார். முன்பு என்னிடம் வாக்குமூலம் வாங்கி, "ஊழியரின் தவறு தெளிவாகத் தெரிகிறது" என்று எழுதியவரே, இப்போது நான் தவறு செய்தேனா என்று விசாரிக்க உட்கார்ந்தார்.

எனக்கு அது உறுத்தவே செய்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. எதிர்த்து எழுதினால் கோபப்படுவார், நல்லபடியாக நடந்துகொண்டால் மனம் மாறுவார் என்று நினைத்தேன். ஒன்பது அமர்வுகளில் கலந்துகொண்டேன், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தேன், ஒவ்வொரு தாளிலும் கையெழுத்துப் போட்டேன். அறிக்கை எனக்கு எதிராக வந்த பிறகுதான் தீர்ப்பாயத்தில் முதல்முறையாக "அவர் ஏற்கெனவே முடிவெடுத்தவர்" என்றேன். தெரிந்தும் கடைசிவரை உட்கார்ந்திருந்துவிட்டு, முடிவு பிடிக்கவில்லை என்றதும் ஆளைக் குறை சொல்ல முடியாது என்று பதில் வந்தது. மூன்று ஊதிய உயர்வுகள் போயின. பதில் சட்டப்படி சரியானது என்பது பிறகு படித்தபோது புரிந்தது.

மாணக் லால் என்ற ராஜஸ்தான் வழக்கறிஞரின் கதையும் இதேதான். அவர் மேல் புகார் கொடுத்தவருக்காக முன்பு ஒரு வழக்கில் ஆஜரானவரே, அவரை விசாரித்த குழுவின் தலைவராக இருந்தார். 1957இல் உச்ச நீதிமன்றம், அந்தத் தலைவர் நேர்மையானவராகவே இருக்கலாம், பழைய வழக்கு அவருக்கு நினைவில்கூட இல்லாமல் இருக்கலாம், ஆனாலும் அவர் அந்தக் குழுவில் இருந்திருக்கக் கூடாது என்று சொன்னது. இத்தனையும் சொல்லிவிட்டு, மாணக் லாலுக்கு இது முதலிலேயே தெரியும், அறிக்கை வரும் வரை பேசாமல் இருந்தார், ஆகவே அந்த உரிமையைத் தானே கைவிட்டார் என்று அவருடைய மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டது. வாதத்தில் வென்று வழக்கில் தோற்றார்.

இதற்கு விலக்கு இல்லாமல் இல்லை. ரத்தன் லால் சர்மா என்ற பள்ளி முதல்வரின் வழக்கில் விசாரணைக் குழு உறுப்பினர் ஒருவரே ஒரு குற்றச்சாட்டுக்குச் சாட்சியாகவும் இருந்தார். கீழே அந்த ஆட்சேபம் உரியபடி எழுப்பப்படாதபோதும், எல்லாரும் ஒப்புக்கொண்ட உண்மை, விஷயத்தின் வேரையே தொடுகிறது என்று 1993இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. ஆனால் அந்த விலக்கை நம்பி யாரும் சும்மா இருந்துவிட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

எது பாரபட்சம்

அதிகாரியின் மனத்துக்குள் வன்மம் இருந்தது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. யாராலும் அது முடியாது. விஷயம் தெரிந்த, நிதானமான ஒருவர் உங்கள் இடத்தில் இருந்தால், "இவரிடம் எனக்கு நடுநிலை கிடைக்காது" என்று அஞ்சுவதற்கு நியாயமான காரணம் இருக்கிறதா என்பதே சோதனை. 1987இல் ரஞ்சித் தாக்கூர் என்ற ராணுவ வீரரின் வழக்கில் இதை அழகாகச் சொன்னார்கள்: நீதி வழங்குபவர் தன் மனத்தைப் பார்த்து "நான் பாரபட்சமானவனா?" என்று கேட்டுக்கொள்வது முறையல்ல, தன் முன் நிற்பவரின் மனத்தைப் பார்க்க வேண்டும். தாக்கூர் தன் கட்டளை அதிகாரியின் மேல் மேலிடத்துக்குப் புகார் அனுப்பியவர். அந்த அதிகாரியே அவரை விசாரித்த ராணுவ நீதிமன்றத்தில் அமர்ந்து, ஓராண்டுச் சிறையும் பணிநீக்கமும் விதித்தார். எல்லாம் ரத்தாயின. துணிப்பையோடு வந்த நண்பரின் நிலைமையும் கிட்டத்தட்ட இதுதான், ஒரு காகிதம் மட்டும் குறைவு.

நிச்சயமாக எழுத வேண்டிய காரணங்கள் என்று நான் கருதுபவை: விசாரிப்பவரே புகார் கொடுத்தவர், அவரே சாட்சி, அதே சம்பவம் பற்றி முன்பே முடிவு எழுதியவர், உங்களோடு வழக்கோ எழுத்துமூலத் தகராறோ உள்ளவர், உங்கள் இடத்துக்கு வந்தால் பயன் பெறுபவர். கடைசியாகச் சொன்னதற்குக் கிரைபாக் வழக்கு பெயர் பெற்றது. ஜம்மு காஷ்மீரின் தற்காலிகத் தலைமை வனப் பாதுகாவலர், இந்திய வனப் பணிக்கான தேர்வுக் குழுவில் உறுப்பினர். அவரே அந்தப் பணிக்கு விண்ணப்பித்தவர்களில் ஒருவர். தன் பெயர் வந்தபோது எழுந்து போய்விட்டார். ஆனால் போட்டியாளர்களின் பெயர்கள் வந்தபோது உட்கார்ந்திருந்தார். 1969இல் அந்தத் தேர்வு ரத்தானது.

விசாரணையின் போது நடப்பதும் காரணமாகலாம். துறைத் தரப்பை எடுத்துச் சொல்ல ஓர் அதிகாரி (தரப்பு அதிகாரி) நியமிக்கப்படாமல், விசாரணை அதிகாரியே சாட்சிகளைத் துருவித் துருவிக் கேட்டுக் குற்றத்தை நிலைநாட்ட முயன்றால், அவர் நீதிபதியின் இருக்கையை விட்டு வழக்காடுபவரின் இடத்துக்குப் போய்விட்டார் என்று பொருள். 2018இல் ராம் லக்கன் சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பேசியது. தரப்பு அதிகாரி இல்லாதது மட்டும் விசாரணையைக் கெடுக்காது, விசாரணை அதிகாரி அந்த வேலையைத் தானே செய்தால் கெடும் என்றது. தெளிவுக்காக ஒன்றிரண்டு கேள்விகள் கேட்பது வேறு. ஆகவே அவர் கேட்ட ஒவ்வொரு கேள்வியும், "விசாரணை அதிகாரியின் கேள்வி" என்ற குறிப்போடு தாளில் பதிவாகும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

பாரபட்சம் ஆகாதவையும் உண்டு, அவற்றை வைத்து மனு எழுதி நல்ல காரணத்தையும் கெடுத்துக்கொள்பவர்கள் அதிகம். குரலை உயர்த்தினார், தேதி தள்ளிவைக்க மறுத்தார், நான் கேட்ட ஆவணத்தைக் கொடுக்கவில்லை, அவர் தண்டனை அதிகாரிக்குக் கீழே வேலை செய்பவர், வேறு சாதி, வேறு சங்கம். ஆவணம் மறுப்பது தனி ஆட்சேபம், அதைத் தனியாக எழுதுங்கள். விசாரணை அதிகாரியும் தரப்பு அதிகாரியும் ஒரே ஜீப்பில் வந்து இறங்கினார்கள் என்று ஒருவர் கொதித்தார். அந்த ஊருக்கு அன்று வேறு வண்டி கிடையாது. தேதியோடு குறித்து வைத்துக்கொள்ளச் சொன்னேன், அதை மட்டும் வைத்து மனு போட வேண்டாம் என்றேன்.

மனுவை எப்படி எழுதுவது

விசாரணை அதிகாரியை நியமித்த ஆணை கைக்கு வந்த இரவே உட்காருங்கள். நான்கு இணைப்புகளையும் எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஆவணத்திலும் கையெழுத்திட்டவர் யார், ஒவ்வொரு சாட்சியும் யார் என்று பாருங்கள். அந்தப் பெயர்களில் விசாரணை அதிகாரியோ, தண்டனை அதிகாரியோ இருக்கிறாரா? இருந்தால் முதல் அமர்வுக்கு முன்பே மனு போக வேண்டும்.

எப்படி எழுதக் கூடாது என்பதற்கு ஓர் உதாரணம்: "விசாரணை அதிகாரி என் மேல் தீராத வன்மம் கொண்டவர். அவரிடம் எனக்கு நியாயம் கிடைக்காது என்பது ஊரறிந்த உண்மை."

இப்படி எழுதுங்கள்: "முதலாம் குற்றச்சாட்டில் கூறப்படும் சம்பவம் குறித்துத் தாங்களே மார்ச் 12ஆம் தேதி என்னிடம் வாக்குமூலம் பதிவு செய்து, மார்ச் 19ஆம் தேதியிட்ட அறிக்கையில் ஊழியரின் தவறு தெளிவாகத் தெரிகிறது என்று முடிவு தெரிவித்திருக்கிறீர்கள். அந்த அறிக்கை மூன்றாம் இணைப்பில் நான்காவது ஆவணமாகக் காட்டப்பட்டுள்ளது. அதன் உண்மைத்தன்மையைத் தாங்களே முடிவுசெய்ய வேண்டிய நிலை உள்ளதால், நடுநிலையான விசாரணை கிடைக்காதோ என்ற நியாயமான அச்சம் எனக்கு ஏற்படுகிறது. தங்கள் நேர்மையை நான் குறை கூறவில்லை. வேறு விசாரணை அதிகாரியை நியமிக்குமாறும், இம்மனு முடிவாகும் வரை விசாரணையை நிறுத்தி வைக்குமாறும் வேண்டுகிறேன்."

இரண்டாவதில் தேதி இருக்கிறது, காகிதம் இருக்கிறது, கேட்பது என்ன என்பது இருக்கிறது. "நேர்மையைக் குறை கூறவில்லை" என்ற வாக்கியத்தை மரியாதைக்காக மட்டும் எழுதச் சொல்லவில்லை. சோதனையே அச்சம் பற்றியது, நேர்மை பற்றியதல்ல என்பதை அது காட்டுகிறது. காரணம் உங்களுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது என்றால், எந்த நாளில், எந்தக் காகிதத்தின் மூலம் தெரிந்தது என்பதைக் கட்டாயம் எழுதுங்கள்.

மனுவை விசாரணை அதிகாரிக்கே எழுதி, நகலைத் தண்டனை அதிகாரிக்கு அனுப்புங்கள். 1972 நவம்பர் 9ஆம் தேதியிட்ட மத்திய அரசின் அறிவுறுத்தல் ஒன்று இருக்கிறது. விசாரணை அதிகாரியின் மேல் பாரபட்ச மனு கொடுக்கப்பட்டால், நடவடிக்கையை நிறுத்திவைத்து, மனுவை உரிய மறு ஆய்வு அதிகாரிக்கு அனுப்ப வேண்டும் என்பது அதன் சாரம். அந்தத் தேதியை மனுவிலேயே குறிப்பிடுங்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் அன்று மாலையே ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை ஒட்டி வையுங்கள்.

டெய்லி ஆர்டர் ஷீட் என்று நாம் சொல்லும் அன்றாட நடவடிக்கைத் தாளைப் பற்றி ஒரு வார்த்தை. மாலை ஐந்தரைக்கு, எல்லாரும் எழுந்து கிளம்பும் நேரத்தில், "இங்கே ஒரு கையெழுத்து" என்று நீட்டுவார்கள். நின்றபடி கையெழுத்துப் போடாதீர்கள். உட்கார்ந்து படியுங்கள். மனு கொடுத்தது அதில் இல்லையென்றால், கையெழுத்துக்கு மேலே உங்கள் கையாலேயே "இன்று காலை நான் கொடுத்த பாரபட்ச மனு இதில் பதிவாகவில்லை, எதிர்ப்புடன் கையெழுத்திடுகிறேன்" என்று எழுதுங்கள். பிறகு தீர்ப்பாயத்தில் பத்துப் பக்க வாதம் செய்யாத வேலையை அந்த ஒரு வரி செய்யும்.

மனு தள்ளுபடியானால் கோபித்துக்கொண்டு வெளிநடப்புச் செய்யாதீர்கள். நீங்கள் இல்லாமலேயே விசாரணை நடந்து முடிந்துவிடும், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்பும் போய்விடும். எதிர்ப்பைப் பதிவு செய்துவிட்டுத் தொடர்ந்து கலந்துகொள்ளுங்கள். அப்படிக் கலந்துகொள்வது உரிமையைக் கைவிட்டதாகாது.

அதிகாரியை மாற்ற வழியே இல்லாத நிலையும் வரும். சட்டம் ஒரே ஒருவருக்குத்தான் அந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது என்றால், வேறு வழியின்மை கருதி அவரே முடிவெடுக்கலாம். நம் ஊரில் பலருக்கு நினைவிருக்கும், ஜெயலலிதாவைத் தகுதிநீக்கம் செய்யக் கோரி சுப்பிரமணியன் சுவாமி கொடுத்த மனு தேர்தல் ஆணையத்தின் கருத்துக்குப் போனது. தலைமை ஆணையர் சேஷனுக்கும் சுவாமிக்கும் நட்பு, சுவாமியின் மனைவி சேஷனுக்காக வழக்கறிஞராக இருந்தவர் என்று ஆட்சேபம் எழுந்தது. 1996இல் உச்ச நீதிமன்றம், சேஷன் ஒதுங்கிக்கொள்ளட்டும், மற்ற இரு ஆணையர்கள் கருத்துச் சொல்லட்டும், அவர்கள் இருவரும் வேறுபட்டால் மட்டும் வேறு வழியில்லாததால் சேஷன் சொல்லலாம் என்றது. உங்கள் துறையில் விசாரணை நடத்தத் தகுதியுள்ளவர் ஒரே ஒருவர்தான் என்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே இந்தக் காரணத்தைச் சொல்லி உங்கள் மனுவைத் தள்ளினால் அதையும் எதிர்த்து எழுதுங்கள்.

மேல்முறையீடு: முழுதாகப் பேச இதுவே கடைசி இடம்

தண்டனை ஆணை கிடைத்த நாளிலிருந்து 45 நாட்கள். சோர்ந்துபோய் இதை நான்கு வரியில் "கருணை காட்டுங்கள்" என்று எழுதிக் கொடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஏனென்றால் விதி 27 மேல்முறையீட்டு அதிகாரிக்குத் தீர்ப்பாயத்துக்கு இல்லாத அதிகாரத்தைக் கொடுக்கிறது. நடைமுறை பின்பற்றப்பட்டதா, கோப்பில் உள்ள சாட்சியம் முடிவைத் தாங்குகிறதா, தண்டனை போதுமா, குறைவா, அதிகமா என்ற மூன்றையும் அவர் பார்த்தே ஆக வேண்டும். இரண்டாவது கேள்விக்காகச் சாட்சி சாட்சியாக, பக்கம் பக்கமாக எழுதுங்கள். சாட்சியத்தைத் திரும்ப எடைபோடச் சொல்ல இதைவிட நல்ல இடம் உங்களுக்கு இனி வாய்க்காது. மூன்று கேள்விகளையும் தலைப்பாகவே போட்டு எழுதுவது என் வழக்கம். அப்போது ஒன்றுக்குப் பதில் சொல்லாமல் விட்டால் அது கண்ணில் படும். காரணம் சொல்லாமல் "பரிசீலித்தேன், தள்ளுகிறேன்" என்று ஒரு வரியில் முடிப்பது செல்லாது என்பதை 1986இல் ராம் சந்தர் என்ற ரயில்வே ஊழியரின் வழக்கு நிலைநாட்டியிருக்கிறது.

தண்டனையை அதிகரிக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு, உங்களுக்கு வாய்ப்புக் கொடுத்த பிறகு. எழுதும்போது இது நினைவில் இருக்கட்டும். மரியாதைக் குறைவான சொல் வேண்டாம், அதற்குத் தனி விதியே இருக்கிறது.

இங்கேயும் ஆளைப் பாருங்கள். தண்டனை விதித்தவரே பதவி உயர்ந்து மேல்முறையீட்டு அதிகாரியாக வந்து உட்கார்ந்திருப்பது அபூர்வமல்ல. அப்படி ஆனால் மேல்முறையீடு அவருக்கும் மேலே உள்ளவருக்குத்தான் போக வேண்டும் என்று விதி 24 சொல்கிறது. அமர்நாத் சௌத்ரி வழக்கில், ஊழியரை நீக்கிய நிறுவனத் தலைவரே, மேல்முறையீட்டைத் தள்ளிய இயக்குநர் குழுவுக்கும் தலைமை வகித்தார். 2002இல் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது.

தீர்ப்பாயத்தில்

மேல்முறையீட்டை முடிக்காமல் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது. மேல்முறையீட்டுக்கு ஆறு மாதம் பதிலே இல்லையென்றால் போகலாம். இறுதி ஆணையிலிருந்து ஓராண்டு; பதிலே வராவிட்டால் அந்த ஆறு மாதம் முடிந்ததிலிருந்து ஓராண்டு. திரும்பத் திரும்ப நினைவூட்டுக் கடிதம் அனுப்புவதால் இந்தக் காலம் நீளாது. இதில் ஏமாந்தவர்கள் பலர்.

மனுவில் பாரபட்சத்தை முதல் காரணமாக வையுங்கள். "மேல்முறையீட்டில் எல்லாம் சரியாகிவிட்டதே" என்று எதிர்த்தரப்பு சொல்லும். தொடக்க விசாரணையில் மறுக்கப்பட்ட நீதியை மேல்முறையீடு ஈடு செய்துவிடாது என்று 1986இல் ரத்னா என்ற பட்டயக் கணக்காளரின் வழக்கில் சொன்னது இங்கே உதவும். சாட்சி பொய் சொன்னான் என்று மட்டும் எழுதாதீர்கள். "இந்தக் குற்றச்சாட்டுக்கு எந்தச் சாட்சியும் பேசவில்லை, ஆவணத்தை யாரும் நேரில் வந்து நிரூபிக்கவில்லை" என்று எழுத முடிந்தால் எழுதுங்கள். முதலாவது எடைபோடும் வேலை, இரண்டாவது சட்டக் கேள்வி.

வென்றால் என்ன கிடைக்கும் என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். பாரபட்சம் ஏற்கப்பட்டால் பெரும்பாலும் தண்டனை ரத்தாகி, வேறு அதிகாரியைக் கொண்டு அந்தக் கட்டத்திலிருந்து மறுபடி விசாரிக்கச் சொல்வார்கள். நீங்கள் குற்றமற்றவர் என்று அங்கே யாரும் எழுத மாட்டார்கள். தீர்ப்பாயத்தின் முடிவுக்கு எதிராக உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வுக்குப் போகலாம். 1997இல் சந்திரகுமார் வழக்குக்குப் பிறகு வந்த வழி இது. அங்கே கதவு இன்னும் சிறியது.

தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்குப் பெரிய தண்டனைக்கான குற்றச்சாட்டு, அவர்களுடைய ஒழுங்கு விதிகளில் 17(பி)-யின் கீழ் வரும், விதிகளும் காலக்கெடுவும் வேறு. தமிழ்நாட்டு நிர்வாகத் தீர்ப்பாயம் இப்போது இல்லாததால் நேராக உயர் நீதிமன்றம்தான். பாரபட்சம் பற்றியும் மறு ஆய்வின் எல்லை பற்றியும் மேலே சொன்ன தீர்ப்புகள் அங்கேயும் அப்படியே பொருந்தும்.

துணிப்பையோடு வந்த நண்பருக்கு, ஒரு குற்றச்சாட்டுக்குச் சாட்சியே இல்லை என்ற காரணத்தை முன்னால் வைத்து மனு தயாரித்துக் கொடுத்தேன். பாரபட்சத்தை நான்காவதாக வைத்தேன்.

அவருக்கு முந்தைய ஆண்டு ஓர் இளம் பெண் ஊழியர் வந்திருந்தார். நியமன ஆணை கிடைத்து மூன்றாம் நாள். அவருடைய சாட்சிப் பட்டியலில் இரண்டாவது பெயர், விசாரணை அதிகாரியின் பெயர். அன்றிரவே ஒன்றரைப் பக்கத்தில் மனு எழுதினோம். ஆறு வாரத்தில் வேறு அதிகாரி வந்தார். அவர் கண்டிப்பானவர், இரண்டு முறை தேதி கேட்டும் தரவில்லை, என்னையும் ஒருமுறை அதட்டினார். மூன்று குற்றச்சாட்டுகளில் இரண்டு நிரூபிக்கப்படவில்லை, ஒன்று நிரூபிக்கப்பட்டது என்று அறிக்கை கொடுத்தார். தண்டனை, கண்டனம். மேல்முறையீட்டுக்குக் காகிதம் எடுத்துக்கொண்டு நான் உட்கார்ந்தபோது, அந்தப் பெண் வேண்டாம் என்றார். "அந்த ஒன்று நான் செய்ததுதான் சார்."